மூடாத வால்வு

சம்ப்பில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. ஆனாலும் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

மழைச் சத்தத்தையும் மீறி, வயல் வரப்பில் வரும்போதே சலோமிக்கு அது கேட்டுவிட்டது. தண்ணீரை இழுக்கிற பம்ப்பின் சத்தம் வேறு, அது பாரம் சுமப்பவன் மூச்சு மாதிரி ஆழமாக, ஒரே சீராக இருக்கும்; இதுவோ வெறுங்காற்றைக் கடைந்து கடைந்து கிறீச்சிட்டது, அதோடு பம்ப்பின் தண்டில் தண்ணீர் கசியாமல் கிளாண்டுக்குள் திணித்த கயிறு கருகும் நாற்றம் ஈரக்காற்றில் கலந்து, கோட்டுச்சேரியிலிருந்து நடந்தே வந்த களைப்பையும் மறக்கடித்து அவள் தொண்டையில் வந்து உட்கார்ந்துகொண்டது. குடையைக்கூட மடக்காமல் வாசலில் போட்டுவிட்டு ஓடி, பேனலில் இருந்த சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். மோட்டார் இளைத்து, இளைத்து, நின்றது.

"ரெண்டு நாளா இப்படித்தாம்மா. நான் நிறுத்துறேன், அது பாட்டுக்கு எடுத்துக்குது," என்றார் பஞ்சநாதன்.

அவர் அந்தப் பம்ப் ஹவுசின் ஆபரேட்டர். கோட்டுச்சேரிமேட்டுக்காரர். எழுபத்தேழாம் வருஷத்துப் புயலில் படகு போன பிறகு இந்த வேலைக்கு வந்தவர். புயல் ஏற்றிவிட்டுப் போன கடல் தண்ணீரில் மேட்டுக் கிணறுகள் எல்லாம் உப்பாகிப் போயின. அதற்காகத்தான் வயல்களுக்கு நடுவே இந்தப் பம்ப் ஹவுசைக் கட்டினார்கள். இரண்டு ஆழ்குழாய்க் கிணறுகளிலிருந்து தண்ணீர் தரைக்கு அடியில் இருக்கும் சம்ப்பில் வந்து விழும். சம்ப்பிலிருந்து மோட்டார் அதை மேல்தொட்டிக்கு ஏற்றும். அங்கிருந்து மேட்டுக் குழாய்களுக்குப் போகும். அந்த ஊருக்கு வேறு நல்ல தண்ணீர் கிடையாது.

மோட்டார் இப்படி வெறுங்காற்றைக் கடைவதால் இரண்டு நாளாக அதுவும் கிடையாது. மேட்டில் குட்டைத் தண்ணீரைக் குடித்த பிள்ளைகளுக்கு வாந்திபேதி. பஞ்சநாதனின் பேத்தி அல்லி காரைக்கால் ஆஸ்பத்திரியில் கையில் ஊசியோடு கிடந்தாள். ஆறு உடைத்துக்கொண்டு சாலை முழுகியதால் தண்ணீர் லாரி வர வழியில்லை.

"பம்ப் ஹவுசு பூட்டியே கெடக்கட்டும்மா. மழை விட்டதும் பாத்துக்கலாம். இந்த மழையில தனியா ஒரு பொம்பளைய நான் அனுப்புனேன்னு இருக்க வேணாம்," என்று காலையில் ஆபீசில் மேலதிகாரி சொன்னார்.

"மழை விடுற வரைக்கும் மேட்டுல எதைக் குடிப்பாங்க சார்?" என்று கேட்டாள் சலோமி. அவர் பதில் சொல்வதற்குள் டூல் பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். திருச்சியில் மின்சார டிப்ளமா படிக்கப் போனபோதும், ஜூனியர் இன்ஜினியராக வேலைக்குச் சேர்ந்தபோதும், யாராவது ஒருவர் அவளைத் திரும்பிப் போகச் சொல்லிக்கொண்டேதான் இருந்தார்கள். அவளுக்கு அது பழகிவிட்டது. திரும்பிப் போவதுதான் பழகவில்லை.

டக்.

பேனலுக்குள் மோட்டாரை இயக்கும் ரிலே இழுத்துக்கொண்டது. மோட்டார் மறுபடியும் கிறீச்சிட்டது.

அவள் பேனல் சுவிட்சை ஆட்டோவிலிருந்து மேனுவலுக்குத் திருப்பினாள். மோட்டார் அடங்கியது. ரிலே மட்டும் விடவில்லை, இழுத்தபடியே நின்றது.

"பயப்படாதீங்க அண்ணே. சின்ன விஷயந்தான்," என்றாள்.

உண்மையிலேயே சின்ன விஷயம்தான். சம்ப்புக்குள் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பித்தளைக் கம்பிகள் தொங்குகின்றன. தண்ணீர் ஏறி இரண்டையும் தொட்டால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தண்ணீர் வழியாகத் துளி மின்சாரம் பாயும். ரிலே அதை உணர்ந்து மோட்டாரை ஓடவிடும். தண்ணீர் இறங்கினால் நிறுத்தும். காலையில் அவள் சொல்லியனுப்பியபடி, சோதனைக்காகக் கிணற்றுக் குழாய்களின் வால்வுகள் இரண்டையும் மூடி, சம்ப்பையும் வடித்துவிட்டதாகப் பஞ்சநாதன் சொல்லியிருந்தார். கம்பிகள் காற்றில்தான் தொங்க வேண்டும். ஆனால் தண்ணீர் இருக்கிறது என்று ரிலே சாதித்தது. எங்கோ ஒயரில் ஈரம் இறங்கியிருக்கும். ஐப்பசி மழையில் இது நடக்காத பம்ப் ஹவுஸ் இல்லை.

பேனலில் அந்த இரண்டு ஒயர்களைக் கழற்றினாள். ரிலே விட்டது. மாட்டினாள். இழுத்தது. அப்படியென்றால் பேனலில் கோளாறு இல்லை. ஒயர் போகும் வழியை விரலால் தடவிக்கொண்டே அறையின் மூலைக்குப் போனாள். சம்ப்பின் இரும்பு மூடி அங்கேதான், தரையோடு தரையாக, பூட்டியிருந்தது. மூடிக்குப் பக்கத்திலேயே, கம்பிகளின் தலை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சின்னப் பெட்டி. திறந்து பார்த்தாள். உள்ளே காய்ந்த சிலந்தி வலை. ஈரமே இல்லை.

மத்தியானம்தான். ஆனால் வானம் கறுத்து, வோல்டேஜ் குறைந்த பல்பு வாடிய பூசணிப் பூ நிறத்தில் எரிய, சுவரில் இருந்த பம்ப்பின் நிழலும் பஞ்சநாதனின் நிழலும் எது எது என்று பிரிக்க முடியாமல் ஒன்றாகக் கலந்து கிடந்தன. சலோமி ஒயர்களைக் கம்பிகளிலிருந்தே கழற்றிவிட்டு, மீட்டரின் இரண்டு முனைகளைக் கம்பித் தலைகளில் நேராக வைத்தாள்.

முள் எழுந்தது. கால் பங்கு தூரம் போய் நின்றது.

நிற்கவில்லை. நடுங்கியது.

தண்ணீர் என்றால் முள் ஆணி அடித்த மாதிரி நிற்கும். பாசி என்றாலும் அப்படித்தான். இந்த நடுக்கம் அவளுக்குத் தெரியும். எங்கே பார்த்தோம் என்று யோசித்தாள். திருச்சி லேபில், முதல் வருஷம், பாடம் முடிந்த பிறகு பிள்ளைகள் விளையாடுவார்கள். கையைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு மீட்டரின் இரண்டு முனைகளையும் பிடித்துக்கொள்வார்கள். யாருக்கு முள் அதிகம் ஏறுகிறது என்று போட்டி. உலர்ந்த கைக்கு முள் அசையாது. ஈரக் கை இறுகப் பிடித்தால் கால் பங்கு வரும். பிடித்திருப்பவரின் கை நடுங்குவதற்கேற்ப அதுவும் நடுங்கும்.

"அண்ணே, உள்ள யாராச்சும் இறங்கினாங்களா?"

"சாவி எங்கிட்டதாம்மா இருக்கு." இடுப்பில் இருந்ததை எடுத்துக் காட்டினார். "ஏம்மா?"

அவர் பேசும்போது முள் இன்னும் கொஞ்சம் ஏறியது.

இறுக்கிப் பிடித்த மாதிரி.

சலோமி மீட்டரைத் தட்டிப் பார்த்தாள். முனைகளை மாற்றி வைத்தாள். கழுத்துக் கயிற்றில் நனைந்து ஒட்டிக்கொண்டிருந்த மாதா உத்தரியத் துணி அரித்தது. பிறகு, தனக்கே வெட்கமாக இருக்க, மூடிக்குப் பக்கத்தில் குனிந்து, "யாரு?" என்றாள்.

முள் பாதியைத் தாண்டியது.

"விடு," என்றாள்.

முள் படாரென்று கீழே விழுந்தது. கம்பிகளை யாரும் தொடவில்லை என்று காட்டும் இடத்தில் அசையாமல் கிடந்தது. மழை. தகரத்தில் மழை. பிறகு முள் மெல்ல எழுந்தது. ஒரு விரல் வைப்பது போல. இரண்டு விரல். மூன்று. கால் பங்கில் வந்து நடுங்கியது.

பஞ்சநாதன் அதைப் பார்த்துவிட்டார். மின்சாரம் தெரியாதவர்தான். ஆனால் தூண்டிலைப் பிடித்து வளர்ந்த கைக்கு, மறுமுனையில் உயிர் இருக்கிறதா என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

"போயிருவோம்மா," என்றார் அடிக்குரலில். "பூட்டுனது பூட்டுனபடியே இருக்கட்டும். மழை விட்டதும் பாத்துக்கலாம்."

வாசல் நாலடி தூரத்தில் திறந்து கிடந்தது. சலோமி அந்த நாலடியைப் பார்த்தாள். அதற்கப்பால் மழையில், மேட்டுப் பக்கம், வெறுங்குடத்தோடு யாரோ இந்தப் பம்ப் ஹவுசையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

"சாவியக் கொடுங்க அண்ணே."

"அம்மா."

"இது நம்ம பம்ப்பு. உள்ள இருக்கிறது நெனச்சா ஓட்டுறதுக்கும், நெனச்சா நிறுத்துறதுக்கும் விட்டுட முடியாது. கொடுங்க."

மூடியை அவளே தூக்கினாள். பாசி நாற்றத்தையும் சிமெண்ட் ஈரத்தையும் எதிர்பார்த்திருந்தாள். வந்தது ஈரத் தலைமுடியின் வாசனை. வெகுநேரம் முடிந்துவைத்த, உலராத முடி. டார்ச்சை உள்ளே நீட்டினாள்.

சம்ப் காலி. தரை பளபளத்தது. இரண்டு கம்பிகளும் மேலிருந்து தொங்கின.

ஒரு கை அவற்றைப் பிடித்திருந்தது.

இரண்டையும் சேர்த்து, ஒரே பிடியில். வெளுத்து ஊறிய கை. உடம்பு இருக்க வேண்டிய இடத்தில் உடம்பு இல்லை. அந்தக் கையின் மணிக்கட்டை இன்னொரு கை பிடித்திருந்தது. அந்தக் கையின் மணிக்கட்டை மற்றொன்று. பெரிய கை. சின்னக் கை. வளையல் போட்டது. ஒன்றைப் பிடித்து ஒன்று, ஒன்றைப் பிடித்து ஒன்று, கயிறு மாதிரி கீழே இறங்கி, தரையில் கிடந்து, எதிர்ச்சுவரில் ஏறி, கிழக்குக் கிணற்றுத் தண்ணீர் வந்து விழும் குழாயின் வாய்க்குள் போயிருந்தது.

குழாய்க்குள்ளும் வெள்ளையாகத் தெரிந்தது.

டார்ச் வெளிச்சம் பட்டதும் எல்லாக் கைகளும் ஒரே சமயத்தில் இறுகின.

சலோமி மூடியைப் போட்டாள். அதன்மேல் உட்கார்ந்தாள்.

"என்னம்மா இருக்கு?"

"பாக்க வேணாம் அண்ணே."

"யாரு? எங்க ஆளுங்களா?" பஞ்சநாதனின் குரல் உடைந்தது. "புயல்ல போனதுல பாதிப் பேரை நாங்க பாக்கவே இல்லம்மா."

"தெரியல." அவளுக்கு உண்மையிலேயே தெரியவில்லை. "கெழக்கு வால்வை மூடிட்டேன்னு சொன்னீங்களே, முழுசா மூடுனீங்களா?"

அவர் தலையைக் குனிந்தார். "மேற்கு நல்லா மூடிக்கிச்சு. கெழக்கு, ரெண்டு சுத்து மிச்சம் இருக்கையில நின்னுபோச்சு. உள்ள கல்லு மாட்டுனா கட்டியா நிக்கும். இது மெத்துனு நின்னுச்சும்மா. எனக்கு என்னமோ அழுத்த மனசு வரல. தண்ணிதான் வரலியேன்னு விட்டுட்டேன்."

கிழக்குக் கிணறு போன மாதம்தான் தோண்டியது. கடலுக்குப் பக்கம். மேற்குக் கிணறு தனியாக ஓடினாலே மேட்டுக்குப் போதும்.

"வாங்க, மிச்சத்தை மூடுவோம்."

"எங்க ஆளுங்களா இருந்தா?"

சலோமி எழுந்து அவர் எதிரில் நின்றாள். "அவங்க யாரா இருந்தாலும் மோட்டாரைப் பிடிச்சு ஓட்டுறாங்க. அது தண்ணியில்லாம ஓடிக் கருகிப்போச்சுன்னா புது மோட்டார் பாண்டிச்சேரியிலேருந்து வரணும். இந்த மழையில எப்ப வரும்? ஆஸ்பத்திரியில கெடக்கிறது உங்க பேத்தி. மேட்டுல இன்னும் எத்தனை பிள்ளைங்க இருக்கு அண்ணே?"

பஞ்சநாதன் மூலையில் கிடந்த கடப்பாரையை எடுத்துக்கொண்டு அவளுக்கு முன்னால் மழையில் இறங்கினார்.

போவதற்கு முன் சலோமி ஒயர்களை மறுபடி கம்பியில் மாட்டிவிட்டு, மூடியைப் பூட்டினாள். மேனுவலில் இருப்பதால் மோட்டார் ஓடாது. ரிலேயின் சத்தம் மட்டும் கேட்கும். அது விட்டால் வெளியிலிருந்தே தெரியும்.

வால்வுகள் கட்டடத்தின் பின்புறம், முழங்கால் ஆழச் செங்கல் தொட்டி ஒன்றில் இருந்தன. மழைத்தண்ணீர் நிரம்பிக் கிடந்தது. கிழக்கு வால்வின் இரும்புச் சக்கரத்தை இருவரும் எதிரெதிரே நின்று பிடித்தார்கள். திருகினார்கள். மெத்தென்றுதான் இருந்தது. அவர் சொன்னது சரி. கனிந்த பழத்தை நெரிப்பது போல உள்ளே எதுவோ இடம் கொடுத்தது, பிறகு கொடுக்கவில்லை. சக்கரம் வழியாக ஒரு துடிப்பு அவள் உள்ளங்கையில் ஏறியது.

பஞ்சநாதனின் பிடி தளர்ந்தது. அவர் அழுதுகொண்டிருந்தார்.

"பிடிங்க அண்ணே."

"துடிக்குதும்மா."

"தெரியுது. பிடிங்க."

கடப்பாரையைச் சக்கரத்துக்குள் கொடுத்து நெம்பினார்கள். கால் சுற்று. அரைச் சுற்று. உள்ளே பம்ப் அறையில் ரிலே பைத்தியம் பிடித்தது போல அடித்துக்கொண்டது. டக் டக் டக் டக். பிடிக்கிறது, விடுகிறது, பிடிக்கிறது. ஒரு சுற்று. சலோமி பல்லைக் கடித்துக்கொண்டு தன் முழுக் கனத்தையும் கடப்பாரையின் நுனியில் போட்டாள். எதுவோ சரேலென்று பின்னுக்கு இழுபட்டது. தடை இல்லாமல் சக்கரம் சுழன்று, இரும்போடு இரும்பு மோதி நின்றது.

மூடிக்கொண்டது.

ரிலே ஓய்ந்தது. மழை மட்டும்.

உள்ளே ஓடிப்போய் மூடியைத் திறந்து பார்த்தாள். தரை வெறுமையாக இருந்தது. குழாயின் வாய் வெறுமையாக இருந்தது. பித்தளைக் கம்பிகள் இரண்டும் லேசாக ஆடிக்கொண்டிருந்தன, அவ்வளவுதான். அவள் அந்தத் தரையை மூலை மூலையாக டார்ச் அடித்துப் பார்த்தாள். மேட்டுப் பிள்ளைகள் குடிக்கப் போகிற தண்ணீர். ஒரு நகத்துணுக்குக்கூட இல்லை என்று தெரிந்த பிறகே மேற்கு வால்வைத் திறக்கச் சொன்னாள்.

தண்ணீர் வந்து விழுந்தது. சம்ப்பின் அடியில் முதலில் சலசலத்து, பிறகு கனத்து, பிறகு நிறைகுடத்தின் மௌனத்தோடு ஏறியது. கிளாண்டில் புதுக் கயிறு திணித்தாள். பம்ப்புக்குத் தண்ணீர் ஊற்றிக் காற்றை வெளியேற்றினாள். சுவிட்சை ஆட்டோவுக்குத் திருப்பினாள். தண்ணீர் கம்பிகளைத் தொட்டதும் ரிலே ஒருமுறை, ஒரே ஒருமுறை, நிதானமாக இழுத்தது. மோட்டார் ஆழமான குரலில் ஓடத் தொடங்கியது.

பஞ்சநாதன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து முகத்தைத் துண்டில் மூடிக்கொண்டார். பிறகு எழுந்து சலோமியைப் பார்த்துக் கும்பிட்டார்.

"அதெல்லாம் வேணாம் அண்ணே. நீங்க மேட்டுக்குப் போங்க. இருக்கிற குடம், அண்டா எல்லாத்துலயும் பிடிச்சு வச்சுக்கச் சொல்லுங்க. காய்ச்சிக் குடிக்கச் சொல்லுங்க."

"நீங்க?"

"வால்வை ஒரு தடவை பாத்துட்டு வரேன்."

அவர் போனார். துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு வரப்பில் ஏறக்குறைய ஓடினார். அவர் மறையும் வரை பார்த்துவிட்டு அவள் கட்டடத்தின் பின்னால் வந்தாள்.

மேற்குச் சக்கரம் திறந்தபடி அசையாமல் இருந்தது.

கிழக்குச் சக்கரம் திரும்பிக்கொண்டிருந்தது.

மெதுவாக. கடிகாரத்தின் பெரிய முள் மாதிரி, பார்த்துக்கொண்டே இருந்தால் தெரியாத, கண்ணை எடுத்துவிட்டுப் பார்த்தால் தெரிகிற வேகத்தில். திறக்கும் பக்கமாக.

சலோமி தொட்டிக்குள் குதித்துச் சக்கரத்தைப் பிடித்தாள். மூடும் பக்கம் திருகினாள். மூடியது. கை எடுத்தாள். திரும்பியது. கடப்பாரையைச் சக்கரத்தின் ஆரக்கால்களுக்குள் செருகிச் செங்கல் சுவரில் முட்டுக்கொடுத்தாள். செங்கல் நெரிந்து, பொடிந்து, மழைத்தண்ணீரில் சிவப்பாகக் கரைந்தது. சக்கரம் நிற்கவில்லை.

அவள் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். இரண்டு கையும் உள்ளே கொடுத்து, நெஞ்சை அழுத்தி, கால்களைச் சுவரில் ஊன்றி. பஞ்சநாதனைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. அவர் மேட்டுக்குப் போய்ச் சேர்ந்திருப்பார். முதல் குழாயில் காற்றடித்து, காற்றுக்குப் பின் தண்ணீர் வந்திருக்கும். இன்னும் கொஞ்ச நேரம். ஊர் முழுக்க ஒரு நாளைக்குப் பிடித்துவைக்கிற நேரம். அதற்குப் பிறகும் நாளை இருக்கிறது. நாளைக்கு ஆட்களைக் கூட்டிவந்து இந்தக் குழாயையே வெட்டி, வாயில் தகடு வைத்து அடைக்கலாம். இன்றைக்கு இவள் இருக்கிறாள்.

"நான் விடமாட்டேன்," என்றாள். சத்தமாக. சக்கரத்தைப் பார்த்து. "எத்தனை பேரு வேணா வாங்க."

இரும்பின் வழியாக, கீழே வெகு ஆழத்திலிருந்து, அவள் சொன்னது காதில் விழுந்தது போல ஒரு இறுக்கம் ஏறி வந்தது.

ஒரு மயிரிழை திரும்பியது. அவள் திருப்பி வைத்தாள்.

மறுபடி மயிரிழை. மறுபடி திருப்பினாள்.

மழை கண்ணில் விழுந்தது. துடைக்கக் கை இல்லை. உள்ளே மோட்டார் பாரம் சுமந்து ஓடிக்கொண்டிருந்தது. நல்ல சத்தம். அதையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

அப்போது கட்டைவிரலுக்குப் பக்கத்தில் எதுவோ உரசியது.

சக்கரத்தின் தண்டு வால்வுக்குள் இறங்குகிற இடம். தண்ணீர் கசியாமல் சுற்றிலும் கயிறு திணித்த, கத்தி நுழையாத வளையம். அந்தக் கயிறு உள்ளேயிருந்து பிதுங்கியது. அவள் பார்த்துக்கொண்டே இருக்க, அதன் இடுக்கில் ஒரு நகம் முளைத்தது. வெளுத்தது. ஊறியது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று.

அவள் கையை எடுக்கவில்லை.

சின்ன நகம். பெரிய நகம். மருதாணி போட்டது. ஒன்றை ஒட்டி ஒன்றாக, தண்டைச் சுற்றி வட்டம் முழுவதும் நெருக்கிக்கொண்டு வந்து, எல்லாம் சேர்ந்து, திறக்கும் பக்கமாகத் திருகத் தொடங்கின.